எதற்கு அவசரம், எதற்குப் பொறுமை: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பல "புதுசா ஏதாவது மருந்து வந்திருக்கா டாக்டர்?" என்றுதான் முடிகின்றன. வந்திருக்கிறது. ஆனால் ஒரு பொது மருத்துவராக நான் படிக்கிற புது ஆராய்ச்சிகளில் நிறைய, எதையெல்லாம் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. சில மட்டும்தான், அரை மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதே என்கின்றன. நாம் இரண்டையும் மாற்றிச் செய்துகொண்டிருக்கிறோம். சளிக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஓடுகிறோம், பாம்பு கடித்தால் மந்திரிக்கக் கூட்டிப்போகிறோம். அதனால்தான் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேள்வி: என் பையனுக்கு நாலு வயசு. சளி, இருமல், லேசான காய்ச்சல் என்று டாக்டரிடம் காட்டினோம். பாராசிட்டமால் மட்டும் எழுதிக்கொடுத்தார். ஊசி இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை, இருமல் டானிக்கூட இல்லை. காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் பத்து நாளாகியும் இருமல் நிற்கவில்லை. "இவரெல்லாம் ஒரு டாக்டரா, வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்று மாமியார் திட்டுகிறார். என்ன செய்யட்டும்? (பாலக்கோடு வாசகி)

பதில்: உங்கள் டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார் அம்மா, மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். சளி இருமல் பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. பத்து நாள் ஆகிவிட்டதே என்று பயப்படுகிறீர்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து பி.எம்.ஜே. மருத்துவ இதழ் 2013இல் வெளியிட்ட கணக்கில், சாதாரண இருமல் வந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு முழுசாக நிற்க 25 நாள் வரை ஆகியிருக்கிறது. ஐந்து நாளில் நிற்க வேண்டும் என்று நாமாக ஒரு கெடு வைத்துக்கொண்டு, ஆறாவது நாள் இன்னொரு டாக்டர், எட்டாவது நாள் மெடிக்கல் ஷாப் என்று போவதால்தான் குழந்தை வயிற்றில் தேவையில்லாத மருந்து இறங்குகிறது.

இருமல் சிரப் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில், இருமல் சிரப் குடித்த சின்னக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்துபோனார்கள். சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அதைத் தயாரித்தது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்று. அந்தச் சாவுகளில் மனசை அதிகம் அறுப்பது, அந்தக் குழந்தைகளில் பலருக்கு அந்த மருந்தே தேவைப்பட்டிருக்காது என்பதுதான். இரண்டு வயதுக்குக் கீழே இருமல் சளி மருந்து கூடாது, ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023லேயே உத்தரவு இருக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டிலை எடுத்து லேபிளைப் பாருங்கள்.

அப்படியானால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? மூச்சை எண்ணுங்கள். பையன் தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் எழுவதைப் பார்த்து, போனில் நேரம் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40ஓ அதற்கு மேலோ இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டு கிடந்தாலோ ராத்திரி ரெண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள். இதெல்லாம் இல்லை, பையன் விளையாடுகிறான், சாப்பிடுகிறான் என்றால், படுக்கப்போகும் முன் ஒரு ஸ்பூன் தேன் கொடுங்கள், ராத்திரி இருமலுக்கு நன்றாகவே கேட்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது.

ஆன்டிபயாடிக் பற்றி ஒரு வார்த்தை. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் மட்டும் 2019ஆம் ஆண்டில் உலகம் முழுக்க 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழ் 2022இல் கணக்கிட்டது. சீட்டு இல்லாமல் கடையில் ஆன்டிபயாடிக் விற்பது சட்டப்படி தவறு. கேட்டு வாங்குவதை நாம் நிறுத்தினால்தான் விற்பதும் நிற்கும்.

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் அக்கா வீட்டில் வந்து பிரஷர் பார்த்தால் 150 காட்டுகிறது. ஆஸ்பத்திரியில் 136. எதை நம்புவது? இன்னொன்று, மாத்திரையைக் காலையில் போட வேண்டுமா, ராத்திரியா? (அரூர் வாசகி, 47 வயது)

பதில்: இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. பஸ் பிடித்து மாத்திரை வாங்கப் போக முடியாமல் பாதியில் விட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று தினமும் பார்க்கிறேன். அந்த அக்காவை விட்டுவிடாதீர்கள்.

வித்தியாசம் பெரும்பாலும் கையை எப்படி வைத்தீர்கள் என்பதில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், கையை மடியில் வைத்துப் பார்த்தால் மேல் அளவு சுமார் 4 புள்ளியும், பக்கவாட்டில் தொங்கவிட்டுப் பார்த்தால் 6 புள்ளிக்கு மேலும் கூடுதலாகக் காட்டியது. வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே, கையைத் தொங்கவிட்டு, அதுவும் களை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தால் 150 வராமல் என்ன செய்யும்? முதுகு சாய்ந்து நாற்காலியில் உட்காருங்கள், கால் தரையில் இருக்கட்டும், ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள், கையை மேசை மேல் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள், பட்டையை ரவிக்கைக் கை மேல் சுற்றாமல் தோலின் மேல் சுற்றச் சொல்லுங்கள். இரண்டு தடவை பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் எழுதி, அதை உங்கள் டாக்டரிடம் காட்டினால் அவர் முடிவு செய்வார். அப்படிப் பார்த்தும் 140க்கு மேலேயே நின்றால் மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

காலையா ராத்திரியா என்பதற்குப் பதில் எளிது. பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த டைம் என்ற ஆய்வு 2022இல் வந்தது. எப்போது போட்டாலும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வித்தியாசம் இல்லை. எந்த நேரம் மறக்காதோ அந்த நேரம் போடுங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயசு, ஆறு வருஷமா சுகர். மாந்தோப்பு வைத்திருக்கிறேன், சீசனில் பழம் சாப்பிடாமல் இருக்க முடியவில்லை. அரிசியை விட்டுவிட்டு ரெண்டு வேளையும் கேழ்வரகுக் களிதான், ஆனாலும் சுகர் குறைய மாட்டேன் என்கிறது. பெங்களூரில் வேலை செய்யும் மகள், வாரம் ஒரு ஊசி போட்டால் உடம்பும் குறையும் சுகரும் குறையும் என்கிறாள். போடலாமா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். களியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் அதிகம் ஏமாறுவது அதில்தான்.

கேழ்வரகு நல்ல தானியம். நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அது பெயருக்குத்தான். நார்ச்சத்தும் உண்டு. ஆனால் கேழ்வரகு மாவிலும் எடையில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான் ஐயா, அது வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாகத்தான் மாறும். மில்லில் நைசாக அரைத்த மாவில், குழையக் கிளறி, கையளவுக்கு மேல் பெரிய உருண்டையாக ரெண்டு உருண்டை, கூடவே கொஞ்சம் குழம்பு என்று சாப்பிட்டால் சுகர் ஏறத்தான் செய்யும். களிக்கு மெல்லுகிற வேலைகூட இல்லை, அப்படியே இறங்குகிறது. ஒரு உருண்டையாக, அதுவும் சின்னதாக ஆக்கிக்கொள்ளுங்கள். தட்டில் பாதியைக் கீரையும் அவரைக்காயும் பிடிக்கட்டும். கொள்ளு, தட்டைப்பயறு, முட்டை ஏதாவது ஒன்று இருக்கட்டும். மாவைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து ஒரு நாள் சுகர் பாருங்கள், உருண்டையைப் பாதியாக்கிவிட்டு இன்னொரு நாள் பாருங்கள். நான் சொல்வதைவிட அந்த மீட்டர் சொல்வதை நீங்கள் நம்புவீர்கள்.

மாம்பழம் விஷமில்லை. நூறு கிராம் சதையில் ஏறக்குறைய 14 கிராம் சர்க்கரை. டெல்லியில் 2025இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், சுகர் உள்ளவர்களுக்குக் காலையில் பிரெட்டுக்குப் பதிலாக அளந்து மாம்பழம் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் அவர்களுக்குச் சுகர் கூடவில்லை, கொஞ்சம் குறையக்கூடச் செய்தது. இதைப் படித்துவிட்டு "மாம்பழம் சாப்பிட்டால் சுகர் குறையும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றினார்கள். அது தவறு. பிரெட்டுக்குப் பதிலாக என்பதுதான் அதில் முக்கியம். ஆக, செந்தூராவோ அல்போன்சாவோ பாதிப் பழம் சாப்பிடுகிற அன்றைக்கு அந்த வேளைக் களியில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள். சாப்பாடு முடிந்த பிறகு மேலே பழம், ராத்திரி டிவி முன்னால் ஒரு தட்டு, அப்புறம் மாங்கூழ் ஆலை ஜூஸ் என்று போவதுதான் ஆபத்து. ஜூஸ் வேண்டவே வேண்டாம்.

இப்போது ஊசி. மகள் சொல்வது மவுன்ஜாரோவாக இருக்கும், டிர்செபடைட் என்ற மருந்து, 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. இதே வகையில் செமாகுளுடைடும் இருக்கிறது, அதன் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். மருந்து வேலை செய்கிறது, அதில் சந்தேகமே இல்லை. சுகர் இல்லாத பருமனானவர்களிடம் டிர்செபடைடை வைத்து 72 வாரம் நடந்த ஆய்வில், டோஸைப் பொறுத்து உடல் எடையில் சராசரியாக 15 முதல் 21 சதவீதம் வரை குறைந்தது. சுகர் உள்ளவர்களுக்கு எடை குறைவது இதைவிடக் கொஞ்சம் கம்மி. ஆனால் நிறுத்தினால் போன எடையில் பெரும்பங்கு திரும்பி வருகிறது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் நிறையப் பேருக்கு உண்டு, பித்தப்பைக் கல் வரலாம், அபூர்வமாகக் கணையத்தில் அழற்சி வரலாம். எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையும், தோப்பு வேலை செய்கிற உங்களுக்கு அது முக்கியம். உங்கள் எடை என்ன, உயரம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. நல்ல பருமன் இருந்து, மாத்திரைக்குச் சுகர் அடங்காமல் இருந்து, மாதாமாதம் பல வருஷம் செலவு செய்ய முடியும் என்றால் டாக்டரிடம் உட்கார்ந்து பேசலாம். யாரோ நண்பர் வாங்கித் தந்தார் என்று போட்டுக்கொள்ளாதீர்கள்.

அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. டாபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் என்ற மாத்திரைகள் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை. சிறுநீரகம் பழுதாவதையும் இதயம் பலவீனமாவதையும் இவை தடுப்பது பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. காப்புரிமை முடிந்துவிட்டதால் இப்போது விலையும் நன்றாக இறங்கிவிட்டது. சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையை இந்த ஆறு வருஷத்தில் யாராவது உங்களுக்குச் செய்தார்களா? இல்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள். இந்த மாத்திரை போடுகிறவர்கள் வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாத நாளிலும், ஆபரேஷனுக்கு முன்னாலும் நிறுத்தி வைக்க வேண்டும். பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம், சுத்தமாகக் கழுவினால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

கேள்வி: ஓசூரில் கம்பெனி வாசலிலேயே முகாம் போட்டு, ஃபுல் பாடி செக்கப், வைட்டமின் டி எல்லாம் சேர்த்து ஆஃபரில் எடுக்கிறார்கள். எடுக்கலாமா? (28 வயது வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. பிரஷர், எடை, இடுப்புச் சுற்றளவு, வீட்டில் யாருக்காவது சுகர் இருந்தால் சுகர் டெஸ்ட், இது போதும். 25,000க்கும் மேற்பட்டவர்களுக்குத் தினமும் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை. ஆரோக்கியமான இளைஞர்களுக்கு வைட்டமின் டி டெஸ்டே தேவையில்லை என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 2024இல் சொல்லிவிட்டது. அந்தப் பணத்துக்கு நல்ல ஹெல்மெட் வாங்குங்கள்.

கேள்வி: கம்பெனி லைனில் நின்றே வேலை. ரெண்டு மாதமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் டிஸ்க் பல்ஜ் என்று வந்திருக்கிறது. இனி குனியக் கூடாது, பெட் ரெஸ்ட், தேவைப்பட்டால் ஆபரேஷன் என்கிறார்கள். 34 வயசுதான் ஆகிறது, பயமாக இருக்கிறது. (சூளகிரி வாசகர்)

பதில்: அந்த ரிப்போர்ட்டை மடித்து உள்ளே வையுங்கள். டிஸ்க் பல்ஜ் என்றால் முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் கொஞ்சம் புடைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது, ஐம்பது வயதில் 60 சதவீதம். தலைமுடி நரைப்பது மாதிரிதான் அது. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

படுத்தே இருந்தால் வலி நீளும். நடங்கள். ஆஸ்திரேலியாவில் நடந்த வாக்பேக் என்ற ஆய்வு 2024இல் லான்செட்டில் வந்தது. இடுப்பு வலி வந்து குணமானவர்களை, நடக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாரத்துக்கு ஐந்து நாள் அரை மணி நேரம் நடக்க வைத்தார்கள். நடக்காதவர்களுக்கு மறுபடி வலி வர நடுவாந்தரமாக 112 நாள் ஆனது, நடந்தவர்களுக்கு 208 நாள். நீங்கள் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். வலி கொஞ்சம் இருக்கும்போதே வேலைக்குப் போகலாம், மணிக்கு ஒரு தடவை நிற்கும் நிலையை மாற்றிக்கொள்ளக் கேட்டுப் பாருங்கள். வலி ஊசியை வாராவாரம் போட்டுக்கொள்ளாதீர்கள், சிறுநீரகம்தான் அதற்கு விலை கொடுக்கும்.

ஆனால் ஒன்று. சிறுநீர் இறங்க மாட்டேன் என்றாலோ, அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஆபரேஷன் அவசரம்தான்.

கேள்வி: எங்கள் ஊரில் பாம்பு கடித்தால் முதலில் கயிறு கட்டி, வேர் கொடுப்பவரிடம்தான் கூட்டிப்போவார்கள். போன மழைக்காலத்தில் எங்கள் சித்தப்பா அப்படித்தான் போனார், உயிர் பிழைக்கவில்லை. கடித்த தடம்கூடத் தெரியவில்லை, வயிற்று வலி என்றுதான் சொன்னார். அது பாம்புதானா? இதற்குப் புது மருந்து ஏதாவது உண்டா? (பென்னாகரம் பக்கத்து வாசகர்)

பதில்: படித்ததும் வருத்தமாக இருந்தது தம்பி. நான் பார்க்காத நோயாளியைப் பற்றி உறுதியாகச் சொல்லக் கூடாது, ஆனால் நீங்கள் எழுதியிருப்பது கட்டுவிரியன் கடி மாதிரியே இருக்கிறது. ராத்திரி தரையில் படுத்திருப்பவரை அது கடிக்கும். ஊசி குத்தினது மாதிரி இருக்கும், வீக்கம் இருக்காது, வலியும் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, தொண்டை அடைப்பு, அப்புறம் கண் இமை தானாக இறங்கும். கண்ணைத் திறக்கச் சொன்னால் நெற்றியைச் சுருக்கித் தலையைப் பின்னால் சாய்த்துப் பார்ப்பார்கள். இதைப் பார்த்தால் கடித்தடம் தேடிக்கொண்டிருக்காதீர்கள், அடுத்து நிற்கப்போவது மூச்சு. தரையில் படுத்துத் தூங்கி எழுந்தவருக்குக் காரணம் தெரியாத வயிற்று வலியும் இமை இறக்கமும் சேர்ந்து வந்தால் பாம்புக் கடி என்று நினைத்தே கிளம்ப வேண்டும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள், வருஷத்துக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள், பெரும்பாலும் மழைக்காலத்தில். ஆஸ்பத்திரிக்கு வந்து சேராமலே போனவர்கள் இதில் நிறைய. பாம்புக் கடி விஷத்தைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்தது, எந்த ஊரில் எத்தனை என்ற கணக்கு வந்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எவ்வளவு மருந்து வைப்பது என்று தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள், ஓட விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றுங்கள். கை காலை உடைந்த எலும்புக்குக் கட்டுவது போல ஒரு குச்சி வைத்து அசையாமல் லேசாகச் சுற்றுங்கள். இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள், ரத்த ஓட்டம் நின்று கால் அழுகிப்போகும், ஆஸ்பத்திரியில் அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறும். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். வாந்தி எடுத்தால் இடது பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். 108க்குப் போன் போடுங்கள். வர நேரமாகும் என்றால் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், அதைத் தேடியே நேரம் போகிறது, இன்னொருவரும் கடிபடுகிறார். இருக்கும் விஷமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒன்றேதான். ஆஸ்பத்திரியில் காய்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள், உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சண்டை போடாதீர்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் விஷமுறி அளவு ஒன்றுதான், பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

புது மருந்து என்று கேட்டீர்கள். வாயில் போடும் வரெஸ்ப்ளாடிப் என்ற மருந்தை இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளிடம் சோதித்தார்கள், மொத்தமாகப் பார்க்கும்போது எதிர்பார்த்த பலன் நிரூபணமாகவில்லை, கடித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களிடம் மட்டும் நம்பிக்கை தரும் அறிகுறி இருந்தது. பக்கத்திலேயே பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் அமெரிக்க ஆய்வகமும் சேர்ந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன் வகை நரம்பு விஷத்துக்கு ஆய்வகத்தில் செய்த எதிர்ப்பொருள் ஒன்றை 2024இல் வெளியிட்டார்கள். எலியில் வேலை செய்கிறது. மனிதனுக்கு வர நாளாகும். அதுவரை நம்மிடம் இருப்பது பி.எச்.சி.யில் இருக்கும் விஷமுறியும் சீக்கிரம் போய்ச் சேருவதும்தான். அப்புறம் ஒரு கொசுவலை. நாலு பக்கமும் பாயின் அடியில் செருகிவிட்டுப் படுத்தால் கட்டுவிரியன் உள்ளே வராது.

கேள்வி: என் மகளுக்கு முன்பற்களில் பழுப்புக் கறை. போர் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். (பாப்பாரப்பட்டி வாசகி)

பதில்: இந்தக் கறை பெரும்பாலும் போர் தண்ணீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பால் வருவது. காய்ச்சினால் அது போகாது அம்மா, தண்ணீர் வற்றுவதால் இன்னும் அடர்த்தியாகும். கேண்டில் ஃபில்டரும் பயன்படாது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரை மட்டும் பிடியுங்கள், 2013இல் அந்தத் திட்டம் வந்ததே இரண்டு மாவட்டத்திலும் இந்தக் கோளாறைக் குறைக்கத்தான். போர் தண்ணீரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கட்டாயம் கூடாது. வந்த கறை தானாகப் போகாது, ஆனால் வீட்டில் எட்டு வயதுக்குக் கீழே தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு வராமல் தடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. பெரியவர்களில் யாருக்காவது கழுத்தும் முதுகும் விறைத்துக் குனிய முடியவில்லை என்றால் அவரையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

கேள்வி: கணவருக்கு டி.பி. மாத்திரை ஆரம்பித்து மூணு வாரம் ஆகிறது. தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டோம். வேறு என்ன கவனிக்க வேண்டும்? (தேன்கனிக்கோட்டை வாசகி)

பதில்: தட்டைத் தனியாக வைக்கத் தேவையில்லை அம்மா, டி.பி. தட்டில் பரவாது, மூச்சுக் காற்றில்தான் பரவும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது துணியால் மூடட்டும். அந்தத் தனித் தட்டில் என்ன சாப்பாடு இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் என்ற ஆய்வு 2023இல் வந்தது. இந்த ஆண்டுகளில் நான் படித்ததில் மனசுக்கு நெருக்கமான ஆராய்ச்சி இதுதான், ஏனென்றால் இதில் புது மருந்து எதுவும் இல்லை. டி.பி. நோயாளிக்கு அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் எல்லாம் சேர்த்து மாதம் பத்து கிலோ. வீட்டில் இருப்பவர்களுக்கும் கொடுத்த வீடுகளில், அவர்களுக்கு டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடிய நோயாளிகள் இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. அவரை இந்த வாரமே எடை போட்டு எழுதி வையுங்கள். ஐம்பது கிலோ என்றால் ரெண்டு மாதத்தில் ரெண்டரை கிலோ ஏற வேண்டும். முட்டை, கடலை, பருப்பு, பால், கறி எது முடியுமோ அது தினமும். ஊட்டச்சத்துக்காக அரசு தரும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய், வங்கிக் கணக்கில் வருகிறதா பாருங்கள், வரவில்லை என்றால் டி.பி. பிரிவில் கேளுங்கள். நீங்களும் பிள்ளைகளும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோய் இல்லை என்றால் வராமல் தடுக்கும் மாத்திரை உண்டு, வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு வாரம் போடுகிற முறையும் இருக்கிறது. எடை ஏறாமல் இறங்கினாலோ, நடக்க மூச்சு வாங்கினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 71 வயது. இதயத்துக்குச் சேலம், முட்டிக்குப் பெங்களூர், சுகருக்குத் தர்மபுரி என்று பார்க்கிறேன். மொத்தம் 11 மாத்திரை. பட்டியல் இணைத்திருக்கிறேன். தலை சுற்றல் தாங்க முடியவில்லை. இன்னொரு ஸ்பெஷலிஸ்ட் சொல்லுங்கள். (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: இன்னொரு ஸ்பெஷலிஸ்ட் வேண்டாம் ஐயா. பட்டியலைப் பார்த்தேன். மூன்றாவதும் எட்டாவதும் வேறு வேறு கம்பெனிப் பெயர், உள்ளே இருப்பது டெல்மிசார்டன் என்ற ஒரே பிரஷர் மருந்து. எட்டாவதில் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. அதோடு முட்டிக்கு தினமும் டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரை. இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும்போது வயதானவர்களின் சிறுநீரகம் திடீரென்று மடங்கிவிடும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். மூன்று டாக்டரும் அவரவர் அளவில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் மூன்று சீட்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

நார்வேயில் 2022இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், ஒரே குடும்ப டாக்டரிடம் பதினைந்து வருஷத்துக்கு மேல் காட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒரு வருஷம் மட்டும் காட்டியவர்களைவிட இறப்பு 25 சதவீதமும் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வது 28 சதவீதமும் குறைவாக இருந்தது. பதினைந்து வருஷம் தெரிந்தவர் உங்கள் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிப்பார். நம் ஊரில் டாக்டருக்கு ஒரு நோயாளியோடு கிடைப்பது சில நிமிடம்தான், அந்தச் சில நிமிடமும் ஒவ்வொரு முறையும் புது ஆளோடு என்றால் பழைய கதையைச் சொல்லவே நேரம் போய்விடும். ஊத்தங்கரையிலேயே உங்களுக்குப் பிடித்த எம்.பி.பி.எஸ். டாக்டர் ஒருவரை, இல்லையென்றால் அரசு மருத்துவமனையில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில், எல்லா அட்டைகளையும், முட்டித் தைலம், நாட்டு மருந்துப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், அதோடு பொட்டாசியம், சோடியம் மூன்றும் இந்த வாரமே பார்க்க வேண்டும். டைக்ளோபினாக்கை இன்றைக்கே நிறுத்திவிட்டு, வலி தாங்கவில்லை என்றால் மேலே தடவும் ஜெல் போடுங்கள். ஒரே டெல்மிசார்டன் இரண்டு இருப்பதை நாளைக் காலையே போனில் சொல்லி எதை விடுவது என்று கேட்டுவிடுங்கள்.

பட்டியலில் இருக்கும் ஆஸ்பிரின் பற்றி மட்டும் தனியாகச் சொல்கிறேன். இதய நோய் எதுவும் இல்லாத எழுபது வயதுக்காரர்கள் "இதயத்துக்கு நல்லது" என்று போடும் ஆஸ்பிரினால் பலன் இல்லை, ரத்தக் கசிவுதான் அதிகம் என்று ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் காட்டியது. ஆனால் உங்களுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறதா, முன்பு மாரடைப்பு வந்ததா என்று கடிதத்தில் இல்லை. வந்திருந்தால் ஆஸ்பிரினையும் அதோடு எழுதிய கேஸ் மாத்திரையையும் நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. சேலத்து டாக்டரின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, அதையும் அந்தப் பையில் வையுங்கள்.